ஒரே பள்ளிக்கூடத்தில் எத்தனை கூலி?

(பொட்டிபுரத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பகலெல்லாம் உழைத்துக் களைத்து வந்திருக்கிறீர்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் காய் பறித்து, பொழுது சாயும் நேரத்தில் இறங்கியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நூல் மில்லில் ஷிப்டு முடித்து, தலைமயிரில் பஞ்சுத் தூசி போகாமலே வந்து உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இந்தப் பொட்டிபுரத்தின் பெயரை நாடு முழுவதும் கேட்டது நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தால். 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை அதற்கு அனுமதி கொடுத்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய் என்றார்கள். மலையைக் குடையலாமா கூடாதா என்று பெரிய விவாதம் நடந்தது. டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்கள் வந்தன, போயின. அதைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. இதே மலையடிவாரத்தில், கரும்பலகைக்கு முன்னால் நின்று உங்கள் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக் கொடுக்கிறவருக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்ற சின்னக் கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சின்னக் கேள்விதான். ஆனால் 1,500 கோடிக் கணக்கைப் பேசியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

வாத்தியார் சம்பளம் நமக்கு எதற்கு?

இந்தக் கூட்டத்துக்கு அழைக்க வீடு வீடாகப் போனபோது ஒரு தாயார் எங்களை நிறுத்திக் கேட்டார்: “வாத்தியாருக்கு மாசம் எழுபதாயிரம், எண்பதாயிரம் வருதாமே, தம்பி. எனக்கு ஒரு நாள் ஜீப்பு வராட்டி அன்னிக்கு அடுப்பு எரியாது. அவுகளுக்காக நான் எதுக்கு வந்து உட்காரணும்?”

நியாயமான கேள்வி. மழுப்ப விரும்பவில்லை. இருபது, இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் உள்ள ஆசிரியருக்கு அந்த அளவு சம்பளம் வருவது உண்மை. அவர்களில் சிலர் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்புவதும் உண்மை. பதினோரு மணி பஸ்ஸில் வந்து மூன்று மணி பஸ்ஸில் போகிறவரும் உண்டு. கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று வாய்விட்டுச் சொல்கிறவரும் உண்டு. இவற்றையெல்லாம் மூடி மறைத்து நாங்கள் யாருக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால், அம்மா, அந்த எழுபதாயிரம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அதே பள்ளிக்கூடத்தில், அதே மணியடித்து, அதே வேலை செய்துவிட்டுப் பன்னிரண்டாயிரத்தை எண்ணிக்கொண்டு போகிறவர் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவரைத் தெரியாமல் வைத்திருப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உங்களையும் ஆசிரியரையும் ஒருவர் மேல் ஒருவர் பொறாமை கொள்ள வைத்துவிட்டால், இரண்டு பேருடைய கூலியையும் நிம்மதியாக அமுக்கலாம் அல்லவா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஏன் மலையேறிப் போகிறீர்கள்? உள்ளூர்க் கூலியைவிட மலைக்கு அந்தப் பக்கத்துக் கூலி கூடுதல் என்பதால்தான். கூலி எங்கே இருக்கிறதோ, கை அங்கே போகிறது. வாத்தியார் வேலைக்கும் இதே விதிதான். கட்டுப்படியாகாத சம்பளம் கொடுக்கிற பள்ளியில் ஆசிரியர் நிலைக்க மாட்டார். அவர் விட்டுப்போன வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை? தோட்ட முதலாளி பிள்ளையா? மில் மானேஜர் பிள்ளையா? உங்கள் பிள்ளைதான்.

சல்லடையில் சலித்த ஆசிரியர்கள்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை உங்களில் பல பெண்களுக்குத் தெரியும். சல்லடையில் சலித்து, எட்டு எம்.எம். காய் தனி, ஏழு எம்.எம். காய் தனி, பிளந்தது தனி, நிறம் மங்கியது தனி என்று பிரிப்பீர்கள். தரத்துக்குத் தகுந்த விலை. காய் வேறு, விலை வேறு. அதில் நியாயம் இருக்கிறது.

சர்க்காரும் ஆசிரியர்களைச் சலிக்கிறது. ஆனால் அங்கே காய் ஒன்று. சல்லடை மட்டும் பல.

முதல் சல்லடை, வேலையில் சேர்ந்த தேதி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு எடுக்கிறவருக்கு இடைநிலை ஆசிரியர் என்று பெயர். அவருடைய பழைய சம்பள விகிதம் 4,500 ரூபாயில் ஆரம்பமாகும். ஆறாவது சம்பளக் கமிஷனையொட்டித் தமிழ்நாட்டில் புதிய விகிதம் வந்தபோது, 2009 மே 31 வரை வேலையில் இருந்தவர்களுக்கு அந்த 4,500ஐ 1.86 ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயித்தார்கள். தர ஊதியம் 2,800 சேர்த்தால் 11,170 ரூபாய். மறுநாள், அதாவது 2009 ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய்தான். தர ஊதியம் 2,800 சேர்த்தால் 8,000.

மே 31ந் தேதிக்கும் ஜூன் 1ந் தேதிக்கும் இடையில் ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரிக்கு விலை மாதம் 3,170 ரூபாய்! படிப்பு ஒன்று, வகுப்பு ஒன்று, பாடப் புத்தகம் ஒன்று, சம்பளம் இரண்டு.

இது அதோடு நிற்கவில்லை. 2017ல் அடுத்த சம்பளத் திருத்தம் வந்தது. பழைய அடிப்படையை 2.57 ஆல் பெருக்கினார்கள். 8,000 என்பது 20,600 ஆயிற்று. 11,170ஐ அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள்: 28,700க்குச் சற்று மேலே வரும். 3,170 ரூபாய்ப் பள்ளம் 8,100 ரூபாய்ப் பள்ளமாக ஆழமாகிவிட்டது. பஞ்சப்படியும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கு. மில் தொழிலாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிப்படையில் ஒரு ரூபாய் போனால், பஞ்சப்படியில் போகும், சேமநிதியில் போகும், கடைசியில் கைக்கு வரும் பணிக்கொடையிலும் போகும்.

அதே ஆறாவது கமிஷனின்படி மத்திய சர்க்கார் தன் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு 9,300ல் தொடங்கும் விகிதமும் 4,200 தர ஊதியமும் கொடுத்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அகரம் கற்பிப்பது மட்டும் மலிவான வேலையா?

இந்த ஒரு ராத்திரிக் கொடுமையில் சிக்கியவர்கள் சுமார் 20,000 பேர். “சம வேலைக்குச் சம ஊதியம்” என்ற கோஷத்தோடு திரும்பத் திரும்பத் தெருவுக்கு வந்தார்கள். 2022 டிசம்பர் கடைசியில் சென்னைக் கல்வி வளாகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஆசிரியைகளும் மயங்கி விழுந்தார்கள். 2023 ஜனவரி 1ந் தேதி, மூன்று பேர் குழு அமைத்து ஆராய்வோம் என்று முதல் மந்திரி அறிவித்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் மறுபடியும் அதே வளாகத்தில் உட்கார வேண்டி வந்தது. போலீஸ் வேனில் ஏற்றினார்கள். மூன்று பேர் குழு உட்காருவது எளிது. மூன்று ஆயிரம் ரூபாய் வருவது கடினம்.

பாதி நேரம், பாதி உயிர்

இரண்டாவது சல்லடை, பகுதிநேரம். 2012ல் ஓவியம், உடற்பயிற்சி, தையல், கம்ப்யூட்டர் போன்ற பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியராக எடுப்பதாகத் திட்டம். வாரத்தில் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். பிறகு 2014ல் 7,000, 2017ல் 7,700, 2021ல் 10,000. 2023 அக்டோபரில் 12,500 என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு வருஷத்தில் ஐயாயிரம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஆயிற்றே என்று மகிழலாமா? அரிசி, பருப்பு, பஸ் கட்டணம், வீட்டு வாடகை இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எப்படி ஏறின என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. மே மாதம் பள்ளி விடுமுறை. ஆகவே பல வருஷம் மே மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. வயிற்றுக்கும் மே மாதம் விடுமுறை என்று நினைத்துவிட்டார்கள்! ஏலத் தோட்டத்தில் பறிப்பு இல்லாத மாதத்தில் உங்களுக்கு நடப்பதேதான் அங்கேயும் நடந்தது. நீங்கள் கூலிக்காரர், அவர் பட்டம் பெற்ற கூலிக்காரர்.

மூன்றாவது சல்லடை, தற்காலிகம். 2022ல் பள்ளிகளில் காலியாகக் கிடந்த 13,331 இடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்த உத்தரவு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500; பட்டதாரி ஆசிரியருக்கு 10,000; முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்றார்கள். கூச்சல் எழுந்த பிறகு 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தினார்கள். கவனியுங்கள்: இடம் தற்காலிகமானதல்ல. பிள்ளைகள் தற்காலிகமானவர்கள் அல்ல. வேலை நிரந்தரமாக இருக்கிறது. ஆள் மட்டும் தற்காலிகம். இதே வித்தை மில்லில் என்ன பெயரில் நடக்கிறது? பதிலி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட்! மெஷின் நிரந்தரம், மெஷினை ஓட்டுகிற கை தற்காலிகம்.

நான்காவது, 2021 கடைசியில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்து படிப்பு மறந்துபோன பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் சொல்லிக் கொடுக்கிற திட்டம். நல்ல நோக்கம், மறுக்கவில்லை. நம் ஊர்ப் பக்கத்துப் படித்த பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர் மனமுவந்து செய்தார்கள். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். சேவை என்று சொல்லிவிட்டால் கூலி கேட்க முடியாது. சேவை செய்யச் சொல்லிப் பெண்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்பதும் நமக்குப் புதிதல்ல.

இவர்களையெல்லாம் தாண்டி, ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் தனியார் பள்ளிகளில், பட்டமும் பி.எட்.டும் படித்துவிட்டு மில் தொழிலாளியைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஆசிரியைகள் இருக்கிறார்கள். உங்களில் சிலருடைய மகள்களே அவர்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்தீர்கள். அந்தக் கடனின் வட்டிக்கு அவள் சம்பளம் போதவில்லை.

2016 அக்டோபர் 26ந் தேதி சுப்ரீம் கோர்ட் பஞ்சாப் மாநிலத் தற்காலிக ஊழியர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்கிற தற்காலிக ஊழியருக்கும் அந்த விகிதத்தின் ஆரம்பச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது. சம்பளப் பட்டுவாடாவில் அதைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

கிடைத்தது தானாகக் கிடைத்ததா?

ஆசிரியர் என்றாலே எழுபதாயிரம் என்று இன்று பேசுகிறோம். ஒரு காலத்தில் ஆசிரியர் நிலை என்ன? ஸ்தல ஸ்தாபனப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சொற்பச் சம்பளம். வயதாகி வேலையை விட்டால் வெறுங்கை. 1955ல்தான் அன்றைய சென்னை ராஜ்யத்தில் அவர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் வந்தது. பிறகு கிடைத்த ஒவ்வொரு விகிதமும் ஊர்வலம், மறியல், சிறை ஆகியவற்றின் வழியாக வந்தது.

பறித்ததும் உண்டு. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேருகிறவருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, எஸ்மா சட்டத்தைக் கொண்டு சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் டி. கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் 2003 ஆகஸ்ட் 6ந் தேதி சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்றது. பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பச் சேர்ந்தார்கள். எழுபதாயிரத்தைப் பார்க்கிறபோது இந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம்

நீங்கள் தினமும் வேலைக்குப் போகிற கேரளத்துக்கு வருவோம். அங்கே ஆசிரியர் பட்ட பாடு இங்கேயிருந்ததைவிடக் கேவலம். தனியார் பள்ளி மானேஜர்கள், முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதிச் சம்பளம் கொடுத்த காலம் அது. 1957ல் இ. எம். எஸ். மந்திரி சபையில் கல்வி மந்திரியாக இருந்த ஜோசப் முண்டசேரி ஒரு மசோதா கொண்டு வந்தார். உதவி பெறும் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தைச் சர்க்காரே கொடுக்கும்; மானேஜர் நினைத்தபடி ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் முடியாது என்றது அந்த மசோதா. என்ன நடந்தது? “விமோசன சமரம்” என்ற பெயரில் பெரும் கலவரம்! 1959 ஜூலை 31ந் தேதி மந்திரி சபையே கலைக்கப்பட்டது. நிலச் சீர்திருத்தம் ஒரு காரணம். வாத்தியாரின் சம்பளக் கவர் இன்னொரு காரணம். அந்தக் கவருக்குப் பின்னால் எத்தனை பெரிய மனிதர்களின் லாபம் ஒளிந்திருந்தது என்று பாருங்கள்.

மந்திரி சபை போயிற்று. ஆனால் சட்டம் நின்றது. அதன் பலன் இன்றுவரை தெரிகிறது. கேரளத்தில் 2019 ஜூலை 1 முதல் அமலான சம்பளத் திருத்தப்படி ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் விகிதம் 35,600ல் தொடங்கிற்று. அதே தேதியில் மலைக்கு இந்தப் பக்கம் 20,600. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைப்பது நியாயமல்ல. அவர்களுடைய எண்ணில் பஞ்சப்படி கலந்துவிட்டது, நம்முடையதில் கலக்கவில்லை. சரி, அன்றைய பஞ்சப்படி 17 சதவீதத்தைச் சேர்த்தே பார்ப்போம். 24,102 ரூபாய் வருகிறது. அப்போதும் பதினோராயிரத்துக்கு மேல் வித்தியாசம். நடுவில் இருப்பது ஒரே ஒரு மலை.

ஜப்பான் சொல்லும் பாடம்

“ஜப்பானில் வாத்தியாருக்கு மந்திரி மரியாதை, மந்திரி சம்பளம்” என்று மேடையில் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். கதை வேண்டாம், உள்ளதைச் சொல்கிறோம். பட்டம் பெற்றுச் சேருகிற ஆசிரியருக்கு அங்கே ஆரம்பச் சம்பளம் மாதம் 2 லட்சம் யென்னுக்கு மேல். வருஷத்தில் இரண்டு தடவை போனஸ்; சேர்த்தால் நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். அதை ரூபாயாக மாற்றி வாய் பிளப்பதில் பயனில்லை. அங்கே அரிசி விலையும் வாடகையும் வேறு. அந்தச் சம்பளம் எப்படி வந்தது, எப்படிக் கரைந்தது என்பதுதான் நமக்குப் பாடம்.

1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் ஜப்பானின் பல கிராமங்களில் ஆசிரியருக்குச் சம்பளமே கொடுக்க முடியவில்லை. காரணம், சம்பளச் சுமை கிராமத்தின் தலையில் இருந்தது. ஏழைக் கிராமம் என்றால் ஏழை வாத்தியார். 1940ல் அதை மாற்றினார்கள்: சம்பளத்தை மாகாணம் கொடுக்க வேண்டும், அதில் பாதியைத் தேசிய சர்க்கார் ஏற்க வேண்டும். ஊர் ஏழையானாலும் ஆசிரியர் சம்பளம் குறையாது என்ற ஏற்பாடு அது.

யுத்தத்துக்குப் பிறகு 1947ல் ஜப்பான் ஆசிரியர் சங்கம் பிறந்தது. பிள்ளைகளை மீண்டும் போர்க்களத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று 1951ல் முழங்கிற்று. 1952ல் அது வகுத்த நெறிகளில் ஒன்று, ஆசிரியரும் ஒரு தொழிலாளியே என்பது. “குரு”வுக்கு மாலை போட்டுப் பட்டினி போடுவதைவிட, தொழிலாளி என்று சொல்லிக் கூலி கொடுப்பது மேல் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

1954ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மலைகளிலும் தீவுகளிலும் உள்ள தூரத்துப் பள்ளிகளுக்கான சட்டம். அப்படிப்பட்ட ஊரில் வேலை செய்யும் ஆசிரியருக்கு, ஊரின் தூரத்தையும் கஷ்டத்தையும் தரம் பிரித்து, சம்பளத்தில் 25 சதவீதம் வரை கூடுதல் படி. அவர்களும் சல்லடை வைத்தார்கள். ஆனால் ஆசிரியரைச் சலிக்கவில்லை, ஊரின் கஷ்டத்தைச் சலித்தார்கள். குரங்கணிக்கும் கொட்டகுடிக்கும் மேலே உள்ள மலைக் குடிகளின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். தூரத்துப் பள்ளிக்கு எங்கே ஆசிரியருக்குக் கூடுதல் கொடுக்க வேண்டுமோ, அங்கேதான் நம் நாட்டில் தற்காலிக ஆளைக் குறைந்த கூலிக்குத் தேடுகிறார்கள்.

1970ஐ ஒட்டி ஜப்பானில் கம்பெனிகள் பெருகின. படித்தவர்களெல்லாம் அங்கே ஓடினார்கள். பள்ளிக்கு ஆள் வரவில்லை. 1974ல் சட்டம் போட்டு, மற்ற சர்க்கார் ஊழியரைவிட ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளம் என்று ஆக்கினார்கள். மூன்று தவணையில் மொத்தம் 25 சதவீதம் அளவுக்கு உயர்த்தப் பணம் ஒதுக்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சங்கத் தலைவர் மாகிஎடாவைக் கைது செய்யவும் செய்தார்கள்! ஒரு கையில் சம்பளம், மறு கையில் விலங்கு. முதலாளித்துவ சர்க்காருக்கு எந்த நாட்டிலும் இரண்டு கை உண்டு.

இப்போது மறுபக்கம். 1971ல் ஒரு தந்திரச் சட்டம் போட்டார்கள். ஆசிரியருக்கு ஓவர்டைம் கூலி கிடையாது. பதிலாகச் சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். 1966ல் எடுத்த கணக்கில் ஆசிரியர் மாதம் எட்டு மணி நேரம் அதிகம் உழைத்தார் என்பது அதற்கு அடிப்படை. 2022ல் எடுத்த கணக்கில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒரு நாளைக்குப் பள்ளியில் இருந்த நேரம் 10 மணி 45 நிமிஷம். வேலை மலையளவு வளர்ந்தது. 4 சதவீதம் ஐம்பது வருஷம் அசையவே இல்லை. மில் தொழிலாளர்களே, இதைவிடச் சௌகரியமான ஓவர்டைம் ஏற்பாட்டை எந்த மில் முதலாளியாவது கண்டுபிடிக்க முடியுமா?

மேலும், 2006ல் தேசிய சர்க்கார் தன் பங்கைப் பாதியிலிருந்து மூன்றில் ஒரு பாகமாகக் குறைத்தது. 1974ல் கிடைத்த கூடுதல் சம்பளமும் வருஷத்துக்கு வருஷம் கரைந்து, ஏறத்தாழ இல்லாமல் போயிற்று. பலன் என்ன? 2000ல் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலை ஒன்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் பரீட்சை எழுதினார்கள். 2023ல் இரண்டு பேருக்குச் சற்று மேல்தான். வகுப்பெடுக்க ஆளில்லாத பள்ளிகள் தோன்றின. பிறகுதான் விழித்துக்கொண்டு, 2025 ஜூனில் சட்டத்தைத் திருத்தி, 4 சதவீதத்தை வருஷத்துக்கு ஒரு சதவீதமாக 10 சதவீதம்வரை உயர்த்துவதாகச் சொன்னார்கள்.

ஆகவே தோழர்களே, ஜப்பான் சொர்க்கமும் அல்ல, நரகமும் அல்ல. சம்பளம் கொடுத்தபோது பள்ளிக்கு ஆள் வந்தது. சம்பளத்தை அரித்தபோது ஆள் ஓடியது. அவ்வளவுதான் பாடம்.

நம் ஊரிலும் இதே கணக்குத்தான். 2009ன் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! அதில் ஒருவர் இடம் காலியானால், அல்லது ஒருவரைக் கணக்கெடுப்புக்கும் தேர்தல் வேலைக்கும் இழுத்துக்கொண்டு போனால், மிச்சம் ஒருவர். அவர் பாடம் நடத்துவாரா, பிள்ளை மேய்ப்பாரா? மாநில சர்க்காரைக் கேட்டால் நிதியில்லை என்கிறது. மத்திய சர்க்காரோ, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லி, 2024–25ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. பகுதிநேர ஆசிரியரின் சம்பளம் அந்தத் திட்டத்தோடு கட்டப்பட்டது. டில்லியில் சண்டை, பசி இங்கே.

நாம் என்ன செய்வது?

கைதட்டிவிட்டுக் கலைந்து போவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. நம் கையில் உள்ள வேலை இருக்கிறது.

ஒன்று. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்த இடங்களில் உட்கார வேண்டியவர்கள் நீங்கள். கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் கூட்டத்தை ஜீப் இறங்கிய பிறகு மாலையில் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் நடக்கும்.

இரண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். நம் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் இடம்? எத்தனை காலி? இருக்கிறவர்களில் யார் நிரந்தரம், யார் தற்காலிகம், யாருக்கு என்ன சம்பளம்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் ஏறியதை அதிகாரி எளிதில் மறைக்க முடியாது.

மூன்று. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு ஆசிரியர் தெருவுக்கு வரும்போது, “உனக்கென்ன குறை” என்று கேட்காதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். அதே கோஷம்தான் மில் கான்ட்ராக்ட் தொழிலாளியின் கோஷம். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று நடவு வயலிலும் தோட்டத்திலும் பாகுபடுத்தப்படுகிற நம் தாய்மார்களின் கோஷமும் அதுதான்.

ஆசிரிய நண்பர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறார்கள். பின்வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் வந்து உட்காரச் சொல்கிறோம். உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சம்பளத்துக்காக இந்த ஜனங்கள் நிற்க வேண்டுமானால், இந்த ஜனங்களின் பிள்ளைகளுக்காக நீங்கள் நிற்க வேண்டும். மணியடிக்குமுன் பள்ளிக்கு வாருங்கள். தோட்டக் கூலி உயர்வுக்கு ஊர்வலம் போகும்போது, உங்கள் சங்கக் கொடியோடு கூட நடந்து வாருங்கள். பாதிச் சம்பளத் தோழரைப் பார்த்து, “அவர் தற்காலிகம்தானே” என்று முழுச் சம்பளக்காரர் ஒதுங்கிப் போகாதீர்கள். இன்று அவர் இடத்தைத் தற்காலிகமாக்கியவர்கள் நாளை உங்கள் இடத்தையும் ஆக்குவார்கள்.

முதலில் கேள்வி கேட்ட அந்தத் தாயாரும் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். அதோ, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா, உங்கள் மகள் படித்து ஆசிரியை ஆக வேண்டும் என்று எங்களிடம் சொன்னீர்கள். ஆவாள். ஆகிற அன்றைக்கு அவள் கையில் முழுச் சம்பளக் கவர் வருமா, மே மாதம் வராத கவர் வருமா என்பதைத்தான் இன்று பேசினோம். அதை முடிவு செய்ய வேண்டியது சென்னைக் குழுவும் டில்லிக் கோப்பும் மட்டுமல்ல. அடுத்த கிராம சபையில் நீங்கள் எழுந்து நின்று கேட்கப் போகிற அந்த மூன்று கேள்விகளும்தான்.